ஒன்பதாம் கட்டிலின் புருவம்

மார்ச் 4, செவ்வாய்

வார்டில் மின்விசிறி நின்றுபோனதால் என் நாத்தனார் ஏணியோடு வந்தாள். ஆஸ்பத்திரியின் ரிப்பேர் அறையில் வேலை பார்க்கிற ஒரே பெண் அவள்தான். நான் இங்கே ஆயா. "வாங்க இஞ்சினியரம்மா, போன தடவை நீங்க சரிபண்ண ஃபேன் காத்தே கொடுக்கல, புத்திமதிதான் கொடுத்துச்சு, நாள் பூரா கடகடன்னு" என்றேன். வார்டே சிரித்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை. கல்லுளிமங்கி. என் வீட்டுக்காரருக்கு ஒரே தங்கை, வயது நாற்பத்திரண்டு, கல்யாணம் வேண்டாம் என்று எங்களோடே இருக்கிறாள். எங்கள் வீட்டில் இஸ்திரிப் பெட்டி, கடிகாரம் எதுவும் அவள் கையில் இரண்டு தடவை சாகாமல் இருந்ததில்லை.

அவள் மேலே இருக்கும்போது ஒன்பதாம் கட்டிலுக்குச் சவரம் செய்துகொண்டிருந்தேன். இருபத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டியவர். பதினான்கு மாதத்துக்கு முன் மூளையில் ரத்தக்குழாய் அடைத்து, கை, கால், நாக்கு எல்லாம் ஒரே நாளில் போய்விட்டது. காது நன்றாகக் கேட்கும். புத்தி கத்தி மாதிரி. ஒரு தடவை கண் சிமிட்டினால் ஆமாம், இரண்டு தடவை என்றால் இல்லை.

"டிரைவர் சார், மீசை ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்குது, மலைப்பாதை மாதிரி. வண்டி போகுமா?"

வலது புருவம் ஒரு துள்ளு துள்ளியது. அதுதான் அவர் சிரிப்பு. நிமிர்ந்து பார்த்தால் நாத்தனார் திருப்புளியைக் கையில் வைத்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். "ஃபேன் மேல இருக்குடி" என்றேன்.

மார்ச் 5

ராத்திரிச் சாப்பாட்டில் கேட்டாள்: "அண்ணி, அவரு புருவத்தை ஒரு நாளைக்கு எத்தனை தடவை தூக்குவாரு?"

"என் ஜோக்கு எத்தனையோ அத்தனை தடவை."

"நீங்க ஜோக்கு சொல்லாதப்ப?"

அதை யார் கண்டது? நான் ஜோக்கு சொல்லாத நேரம் என்று ஒன்று இருக்கிறதா என்ன.

மார்ச் 11

நாத்தனார் ஆபீஸ் சாரைப் பார்க்கப் போனாள். இவளாவது, நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசுகிறதாவது என்று நானும் துணைக்குப் போனேன். பேசினாள். நெற்றியில் ஒரு பட்டை, புருவம் தூக்கினால் அதில் ஒரு தகடு தொடும், சிஸ்டர் மேஜையில் மணி அடிக்கும். இப்போதிருக்கிற பட்டனை அமுக்கக் கை வராதவர்கள் கூப்பிடுவதற்கு. வயரும் இரண்டு சாமானும் வாங்க அனுமதி வேண்டும், அவ்வளவுதான்.

சார் மரியாதையான மனிதர். கடைசி வரை கேட்டார். "நல்லா இருக்கும்மா. ஆனா இது வேணும்னு யாராவது கேட்டாங்களா?"

"இல்ல சார்."

"யாருமே கேக்காததை நான் எப்படி வாங்கறது? முதல்ல நோயாளிங்க கருத்து என்னன்னு தெரிஞ்சுக்குவோம்."

இழுப்பறையைத் திறந்தார். படிவம் தயாராக இருந்தது. பத்துக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஐந்து மூஞ்சி, சிரிக்கிறதில் ஆரம்பித்து அழுகிறது வரைக்கும். "ஆயாம்மாதான் எல்லார்கிட்டயும் நல்லா பேசுவாங்க" என்று பதினாறு கட்டிலுக்கும் என் கையில் கொடுத்தார். எனக்குப் பெருமைதான். அஞ்சாங்கிளாஸோடு நின்றவளிடம் ஆபீஸ் வேலை!

மார்ச் 14, வெள்ளி

படிவம் முடிந்தது. இரண்டாம் கட்டிலுக்கு மணிச் சத்தம் கொஞ்சம் மெதுவாக வேண்டுமாம். ஏழுக்கு டீ சூடாக வேண்டும். பதினொன்றுக்கு டிவி. பதினாலாம் கட்டில் சொன்னது: "ஆயா வாயைக் கொஞ்சம் குறைச்சா போதும்." அதையும் எழுதிக் கொடுத்தேன். நான் நேர்மையானவள்.

பேச்சும் கையும் வராதவர்கள் ஆறு பேர். சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது. அவர்களுக்கு நானே போட்டுவிட்டேன். "அழைப்பு மணி வசதியாக உள்ளதா?" — சிரித்த மூஞ்சி. "புதிய மணி தேவையா?" — தேவையில்லை. அழுகிற மூஞ்சி போட்டால் நாளைக்கு எங்களைத்தானே கேட்பார்கள், நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று? அதனால் ஆறு பேருக்கும் ஒரே சிரிப்பு.

மார்ச் 19

முடிவைப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். நூற்றுக்கு எண்பத்தெட்டுப் பேருக்கு இருக்கிற மணியே திருப்தி. புதிய மணி தேவையில்லை.

வீட்டுக்கு வந்து நாத்தனாரை ஒரு பிடி பிடித்தேன். "ஜனங்க தீர்ப்பு சொல்லிட்டாங்கடி. உன் மணி தோத்துப்போச்சு, டீ ஜெயிச்சிருச்சு." அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள்: "பேச முடியாத ஆறு பேரு எப்படி அண்ணி பதில் சொன்னாங்க?"

அடுப்பில் பால் பொங்குகிறது என்று எழுந்து போனேன். அடுப்பில் பாலே இல்லை.

மார்ச் 27

ஐந்தாம் கட்டில் காலி.

மார்ச் 28

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை.

ஐந்தாம் கட்டில்காரர் டெய்லர். அவருக்கும் கை அசையாது, பேச்சு வராது. மத்தியானம் இரண்டு மணிக்கு ஷிப்ட் மாறுகிற நேரம். எல்லோரும் சிஸ்டர் மேஜையைச் சுற்றி நின்று ஒப்படைத்துக்கொண்டிருந்தோம். பெரிய சிஸ்டர், இரண்டு சின்ன சிஸ்டர், நான், எனக்கு அடுத்து வருகிற ஆயா. பத்தடி தூரம்கூட இல்லை. இரண்டு இருபதுக்குப் போய்ப் பார்த்தால் சளி அடைத்து... குழாய் போட்டு உறிஞ்சினார்கள். டாக்டர் நெஞ்சை அமுக்கினார். முகம் முன்னாடியே நீலமாகிவிட்டிருந்தது.

பட்டன் அவர் உள்ளங்கைக்கு அடியில்தான் இருந்தது. காலையில் நான்தான் வைத்தேன். "இந்தாங்க டெய்லர், பட்டன் வெச்சிருக்கேன், தைச்சுக்குங்க"ன்னு சொல்லி வெச்சேன். தினமும் அப்படித்தான் சொல்லுவேன். தினமும் வைக்கணும்னு விதி, வைப்பேன். அமுக்க முடியாத கையில எதுக்குடி வைக்கறேன்னு ஒரு நாள், ஒரு நாள் யோசிச்சிருப்பேனா?

பிறகு பட்டனை அமுக்கிச் சோதித்தார்கள். கணீரென்று அடித்தது. ரிப்போர்ட்டில் எழுதியிருக்கிறது: மணி வேலை செய்யும் நிலையில் இருந்தது.

அவருக்குச் சிரிச்ச மூஞ்சி போட்டவ நான்தானே.

மார்ச் 31

பெரிய சிஸ்டரிடம் சொல்லிவிட்டேன். ஆறு படிவமும் நான் போட்டது என்று. திட்டியிருந்தால் தேவலை. "ஆயா, இதை எழுத்துல கொடுக்கணும்" என்று மட்டும் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். இரண்டு இடத்தில் எழுத்துப்பிழை என்று அவரே திருத்தினார்.

வீட்டில் நாத்தனாரிடமும் சொன்னேன். "தெரியும் அண்ணி" என்றாள். அது இன்னும் மோசம்.

ஏப்ரல் 3

மறுபடியும் கருத்துக் கேட்டார்கள். இந்தத் தடவை முறையாக. ஆபீஸ் சாரே வந்தார். பெரிய சிஸ்டர் படிவத்தோடு நின்றார். சார் டிரைவர் பக்கம் குனிந்து, நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டார்: "உங்களுக்கு வேற அழைப்பு மணி வேணுமா?"

நான் உள்ளுக்குள் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். டிரைவர் கண்ணை இரண்டு தடவை சிமிட்டினார்.

வேண்டாம்.

சார் இன்னொரு தடவை கேட்டார். இரண்டு சிமிட்டல். மற்ற நாலு பேரும் அப்படியே. சார் என் மேல் கோபப்படக்கூட இல்லை. "ஆயாம்மா, நீங்க செஞ்சது தப்பு. ஆனா போட்ட விடை சரியாத்தான் இருக்கு" என்றார்.

என் பொய்தான் எல்லாவற்றையும் கெடுத்தது என்று ஒரு வாரமாக அழுதேன். உண்மையும் அதையேதான் சொல்கிறது. இது என்ன கணக்கு?

ராத்திரி நாத்தனாரிடம் சொன்னேன். "அவரே வேண்டாங்கறாருடி, விட்டுடு."

அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். "மணின்னா அவருக்குப் பட்டன், அண்ணி. இன்னொரு பட்டன் வேணுமான்னா, வெச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு வேண்டாம்னுதான் சொல்லுவாரு. பாக்காத பொருளை எப்படிக் கேப்பாரு? மனசுல இருந்தாத்தானே கண்ணுல வரும். அவரைக் கேட்டா ஒண்ணும் கிடைக்காது. அவரைப் பாக்கணும்."

என் வீட்டுக்காரர் மெல்லுவதை நிறுத்திவிட்டார். தங்கை இவ்வளவு பேசி அவர் கேட்டதே இல்லையாம்.

ஏப்ரல் 6, ஞாயிறு

பார்வையாளர் நேரத்தில், லீவு நாளில், நாத்தனார் ஒரு மஞ்சள் பையோடு வந்தாள். டிரைவரின் மனைவியிடம் முன்பே பேசியிருக்கிறாள். அந்தம்மா சொன்னது: "கட்டுங்கக்கா. தலையில ஒரு பட்டைதானே. இதுக்கு மேல கெட்டுப்போக என்ன இருக்கு?"

பட்டை என் பழைய பாவாடை எலாஸ்டிக். தகடு செத்த கடிகாரத்தில் எடுத்தது. மணி ஏதோ விளையாட்டுச் சாமானிலிருந்து. டிரைவரிடம் அவள் ஒன்றும் கேட்கவில்லை. "மாட்டிப் பாக்கறேன் சார்" என்று மட்டும் சொன்னாள்.

அடித்தது. ஐயோ, என்னமாய் அடித்தது! தும்மினால் அடித்தது. ஜன்னல் வெயில் கண்ணில் பட்டால் அடித்தது. அவர் கண்ணயர்ந்தபோது அடித்து எழுப்பியது. ஒரு மணி நேரத்தில் பத்தொன்பது தடவை. பதினாலாம் கட்டில், "ஆயா வாயே பரவால்ல, அதையே விட்டுடுங்க" என்று கத்தினார். பெரிய சிஸ்டர் ஓடிவந்து கழற்றிவிட்டார். டிரைவர் கண்ணை மூடிக்கொண்டார். கூச்சப்பட்டார் என்று நினைக்கிறேன்.

ஏப்ரல் 8

நாத்தனாரைப் பின்கட்டிடத்துப் பம்ப் அறைக்கு மாற்றிவிட்டார்கள். அனுமதியில்லாமல் நோயாளி உடம்பில் கருவி மாட்டியதாகக் கடிதம். இன்னொரு தடவை நடந்தால் வேலை போய்விடும் என்று கீழே தனியாக ஒரு வரி.

"சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தாச்சு" என்றார் என் வீட்டுக்காரர், எங்கள் இருவரையும் பார்த்து. நான் பயந்துதான் போனேன். அவளுக்கு இந்த வேலையை விட்டால் என்ன இருக்கிறது? அவளைக் கேட்டால், "பம்ப் ரூம் நல்லா இருக்கு அண்ணி. ஒரே சத்தம். யாரும் பேச மாட்டாங்க" என்கிறாள்.

ஏப்ரல் 12

அவளால் வார்டுக்குள் வர முடியாது. அதனால் என்னை வேலைக்கு வைத்துக்கொண்டாள், சம்பளம் இல்லாமல். டிரைவர் புருவம் எப்போதெல்லாம் ஏறுகிறது, வேகமாகவா மெதுவாகவா, ஒரு தடவையா இரண்டு தடவையா — எல்லாம் எழுதி வர வேண்டும். "நீங்க ஜோக்கு சொன்னா கணக்கு கெட்டுடும். வாயை மூடிக்கிட்டுப் பாருங்க."

பதினாலாம் கட்டிலின் பிரார்த்தனை பலித்தது.

ஏப்ரல் 14

இரண்டு நாளாக நான் பேசவில்லை. டிரைவர் என்னைப் பார்க்கிற பார்வையில் கவலை தெரிகிறது. எனக்கு உடம்பு சரியில்லை என்று நினைக்கிறார் போல.

ஏப்ரல் 15

கணக்குக் கொடுத்தேன். ஒரு நாளில் எழுபத்திரண்டு தடவை. தும்மல், வெயில், தூக்கம் என்று முப்பத்தேழு. சிரிப்பு ஒன்பதுதான், அதுவும் மற்றவர்கள் பேசியதற்கு. பாக்கி இருபத்தாறு. அது என்னவென்று எனக்குப் புரியவில்லை. மருந்து அலமாரிக் கண்ணாடியில் பார்த்து எழுதியவை அவை. நான் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும்போது. டக் டக்கென்று இரண்டு தடவை. கொஞ்சம் நிறுத்தி மறுபடியும் இரண்டு.

நாத்தனார் தாளை வாங்கிப் பார்த்தாள். அந்த இருபத்தாறின் மேல் விரலை வைத்து என்னைப் பார்த்தாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கூப்பிட்டிருக்காரு. பதினஞ்சு மாசமா. என் முதுகைப் பாத்துக் கூப்பிட்டிருக்காரு. நான் திரும்பிப் பாத்தா, புருவம் ஆடுதுன்னு, என் ஜோக்குக்குச் சிரிக்கறாருன்னு... இன்னொரு ஜோக்கு சொல்லியிருக்கேன்.

ஏப்ரல் 16

வேலைக்குப் போனேன். ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஏப்ரல் 28

நாத்தனார் புதுப் பட்டை முடித்துவிட்டாள். தும்மலுக்குப் புருவம் ஒரு தடவைதான் போகும். தூக்கத்தில் மெதுவாகப் போகும். கூப்பிடும்போது அடுத்தடுத்து இரண்டு தடவை. இரண்டு தடவை சட்டென்று தொட்டால்தான் இது அடிக்கும். அதை அவள் கண்டுபிடிக்கவில்லையாம், டிரைவரே முன்னாலேயே அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாராம். எப்படி வேலை செய்கிறது என்று விளக்கினாள். தலையாட்டினேன். புரியவில்லை. புரியாவிட்டால் என்ன? என் நெற்றியில் மாட்டி நூறு தும்மல் தும்மவைத்தாள், மூக்குப்பொடி வாங்கிவந்து. அடிக்கவில்லை.

ஏப்ரல் 29

பட்டையை இடுப்பில் செருகிக்கொண்டு பெரிய சிஸ்டரிடம் போனேன். கணக்குத் தாளையும் கொடுத்தேன். வேலை போனால் இரண்டு பேருக்கும் சேர்ந்தே போகட்டும்.

சிஸ்டர் தாளில் ஒரே இடத்தில் நின்றார். "இருபத்தாறா?"

"ஆமா சிஸ்டர்."

"அப்போ டெய்லரு எத்தனை..." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, "ஒரு வாரம். என் பொறுப்புல. சார்கிட்ட நான் பேசிக்கறேன்" என்றார்.

"நோயாளிகிட்ட கருத்து கேக்கணுமா சிஸ்டர்?"

"மாட்டு முதல்ல."

மே 2, வெள்ளி

காலை பத்தரைக்கு மாட்டினோம். நான் பதினாறாம் கட்டிலில் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தேன். பதினொன்று பத்துக்கு மணி அடித்தது.

ஓடினேன். சின்ன சிஸ்டரும் ஓடிவந்தார். "சளியா?" இல்லை. "தண்ணியா?" இல்லை. "திருப்பிப் படுக்க வைக்கணுமா? வலிக்குதா? ஃபேனா?" இல்லை, இல்லை, இல்லை. எதுவும் இல்லை.

"சும்மாவா கூப்பிட்டீங்க?"

ஒரு சிமிட்டல்.

கூப்பிட்டால் யாராவது வருகிறார்களா என்று பார்த்திருக்கிறார்.

வாயில் ஒரு ஜோக்கும் வரவில்லை. "வந்துட்டேன் சார்" என்றேன். பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு விரிப்பு மாற்றப் போனேன்.

மே 9

கை கால் வராத மனிதருக்கு இவ்வளவு குறையா! தலையணை சரிந்திருக்கிறது, ஜன்னல் திறந்திருக்கிறது, பதினாலாம் கட்டில் ரேடியோ அலறுகிறது. இன்று பதினேழு தடவை. "டிரைவர் சார், இது ஹாரன் இல்ல" என்றேன். உடனே இன்னொரு தடவை அடித்தார், வேண்டுமென்றே.

ஆபீஸ் சார் வந்து பார்த்தார். "இது உங்களுக்கு வேணுமா?" என்று கேட்டார். டிரைவர் கண்ணை அழுத்தி மூடி, மெதுவாகத் திறந்தார். ஒரு தடவை.

"போன மாசம் வேண்டாம்னாரே" என்றார் சார். நிஜமாகவே குழம்பிப்போனார், பாவம். அவரைக் குறை சொல்லி என்ன? கேட்காமல் கொடுப்பது திமிர் என்று அவர் நினைத்தார். நானும்தான். "சரி, மத்த வார்டுலயும் கருத்து கேட்டுட்டு..." என்று ஆரம்பித்தார்.

"மாட்டிட்டுக் கேளுங்க சார்" என்றார் பெரிய சிஸ்டர்.

மே 30

இப்போது நாலு கட்டிலில் பட்டை. ஒருவருக்குக் கறுப்பு நிறம் வேண்டுமாம், ஒருவருக்கு இறுக்கமாம், ஒருவருக்கு அரிக்கிறதாம். கருத்துக்குப் பஞ்சமே இல்லை. சிமிட்டலில் கேட்டுக் கேட்டு எழுதின பட்டியலை நாத்தனாரிடம் கொடுத்தேன். அரிப்பை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

ஜூன் 24, செவ்வாய்

காலை பத்து மணிக்கு ஒன்பதாம் கட்டில் அடித்தது. போனபோதே மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. நாலு நாளாக நெஞ்சில் சளி, காய்ச்சல். குழாய் போட்டோம். டாக்டர் வந்தார். டிரைவரின் மனைவிக்குச் சொல்லியனுப்பி, அந்தம்மாவும் வந்துவிட்டார். ஒன்றரை மணி நேரம் எல்லோரும் இருந்தோம். செய்யக்கூடியதெல்லாம் செய்தார்கள். போதவில்லை.

கடைசிவரை அந்தம்மா கை அவர் கன்னத்தில் இருந்தது. "கூப்பிட்டாரா அக்கா?" என்று பிறகு என்னைக் கேட்டார்.

"கூப்பிட்டாரு. வந்தோம்."

"நானும் வந்துட்டேன்" என்றார் அந்தம்மா.

ஜூன் 30

பட்டைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று நாத்தனாரைப் பம்ப் அறையிலிருந்து திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். டிரைவருடைய பட்டையைக் கையில் வாங்கி, தகடு எந்த ஓரத்தில் தேய்ந்திருக்கிறது என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. தேய்ந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டேயிருந்தாள்.

மூன்றாம் கட்டிலுக்குப் புதிதாக ஒருவர் வந்திருக்கிறார். கொத்தனார். அவருக்குப் புருவமும் அசையாது, கண்ணும் சொன்னபடி கேட்காது. டாக்டர் உதட்டைப் பிதுக்கிவிட்டார். நாத்தனார் பத்து மணிக்கு அவர் கட்டிலருகே போய் நின்றவள், நான் சாப்பிட்டுவிட்டு வந்தபோதும் அங்கேயே நின்றாள்.

"என்னடி பாக்கற?"

"தெரியல அண்ணி. இன்னும் தெரியல."

நாக்கு நுனிவரை ஒரு கிண்டல் வந்தது. விழுங்கிவிட்டேன். ஸ்டூலை எடுத்து அவள் பின்னால் போட்டேன். அவர் மேலிருந்து பார்வையை எடுக்காமல் உட்கார்ந்தாள்.